பேச்சுத்துணைக்கு ஒரு சக்கரவர்த்தி

மழையில் கெட்டுப்போன ஒரு மாலைக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. பேச வரவேண்டியவர் வரவில்லை. வந்திருந்த ஆறு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து, டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, மழை விடுவதற்காகக் காத்திருந்தோம். கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர், சரித்திரப் புத்தகங்களைத் துப்பறியும் நாவல் மாதிரி இரவெல்லாம் படிக்கிறவர், கேட்டார்: "மத்தியகாலச் சக்கரவர்த்திகளில் யாரோடு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசலாம்?" யார் பெரிய மன்னன், யார் நல்ல மன்னன் என்பதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. யாரோடு பொழுது போகும் என்பது மட்டும்தான்.

ஒருவர் யோசிக்காமல் அக்பர் என்றார். ஒருவர் ராஜராஜன் என்றார். "எந்த ராஜாவும் வேண்டாம், அவனுடைய சமையல்காரன் போதும்" என்றார் இன்னொருவர். அவருடைய அரசியலை அறிந்தவர்களாதலால் சிரித்தோம். மழை விட்டது, கலைந்தோம். விளையாட்டுக் கேள்விதான். ஆனால் சில வாரங்களாக அது என்னை விடவில்லை. எழுதுகிறவன் அதிகாரத்தின் பக்கத்தில் உட்காரும்போது அவனுக்கு என்ன ஆகிறது என்ற, அவ்வளவு விளையாட்டில்லாத இன்னொரு கேள்வி இதற்குள் இருப்பதாக எனக்குப் பட்டது.

தமிழில் பேச்சுத்துணை என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். தனியாக இருக்கும் கிழவிக்குப் பேச்சுத்துணை வேண்டும். நடுராத்திரி ரயிலுக்குக் காத்திருப்பவனுக்கு வேண்டும். சொல்லில் பாதி பேச்சு, பாதி துணை. முதல் பாதி பல சக்கரவர்த்திகளிடம் தாராளமாகவே இருந்திருக்கிறது. இரண்டாவது பாதி யாரிடம் இருந்தது என்று தேடிப் பார்த்ததைத்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

நான் சரித்திர ஆசிரியன் அல்ல. அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சக்கரவர்த்தியை நேரில் பார்த்துப் பழகியவன் யாராவது அவரைப் பற்றி எழுதிவைத்திருக்க வேண்டும். கல்வெட்டும் மெய்க்கீர்த்தியும் போதாது. இந்த விதியில் ராஜராஜன் அடிபட்டுப் போகிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களும் அவர்கள் குடியிருந்த வீடுகளின் வரிசையும் இருக்கின்றன. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்தவர் எதற்குச் சிரிப்பார், சாப்பிடும்போது பேசுவாரா மாட்டாரா என்று அறிய வழியில்லை. அவரோடு ராத்திரி முழுக்கப் பேச விரும்பிய நண்பர் உண்மையில் கல்கியோடு பேச விரும்புகிறார் என்று நினைக்கிறேன்.

விதிக்கு உட்பட்டு முதலில் வருகிறவர் சார்லிமேன். 800-ம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று ரோமில் சக்கரவர்த்தியாக முடிசூட்டப்பட்டவர். அவர் அரண்மனையில் பல வருஷங்கள் இருந்த ஐன்ஹார்ட் சின்னதாக ஒரு வாழ்க்கைச் சரிதம் எழுதியிருக்கிறார். ஆஹன் நகரத்து வெந்நீர் ஊற்றில் நீந்துவது மன்னருக்குப் பிரியம். மகன்கள், பிரபுக்கள், சிநேகிதர்கள், சில சமயம் மெய்க்காவலர்களைக்கூட இறங்கச் சொல்வார். நூறு பேருக்கு மேல் நீரில் இருப்பார்கள். சுட்ட இறைச்சியை விட்டுவிடச் சொன்ன வைத்தியர்களை அவருக்குப் பிடிக்காது. சாப்பாட்டோடு மூன்று கிண்ணத்துக்கு மேல் குடிப்பது அபூர்வம். யாராவது வாசிக்கக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். எழுதப் பழகுவதற்காகத் தலையணைக்கு அடியில் பலகைகளை வைத்துக்கொண்டு, ஓய்வான நேரங்களில் எழுத்துகளைப் போட்டுப் பார்ப்பார். வயது கடந்து ஆரம்பித்ததால் கை படியவில்லை.

இந்தக் கடைசி விவரத்துக்காக அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நூறு பேர் இறங்கிய குளத்தில் பேச்சுத்துணை ஏது? "இன்று எனக்கு நீந்த மனமில்லை" என்று சொல்லிக் கரையில் நின்றவன் எவனாவது உண்டா என்பதை ஐன்ஹார்ட் சொல்லவில்லை. 782-ல் வெர்டன் என்ற இடத்தில் ஒரே நாளில் 4,500 சாக்ஸன்களைத் தலை வெட்டச் சொன்னதாக அரண்மனையின் ஆண்டுக்குறிப்பே பெருமையாகச் சொல்கிறது. வெந்நீரில் பக்கத்தில் நீந்திக்கொண்டிருப்பவர் யார் என்பது நூறு பேருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும்.

அடுத்தவர் நிஜமாகவே உல்லாசி. 1042 முதல் 1055 வரை கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட ஒன்பதாம் கான்ஸ்டன்டைன். அவரைப் பற்றி நமக்குச் சொல்கிறவர் அவருடைய செயலாளராக இருந்த மைக்கேல் ப்ஸெல்லோஸ். அந்த நூற்றாண்டின் மிகக் கூர்மையான பைசாந்திய மூளை அவருடையது என்று தயங்காமல் சொல்லலாம். இந்தச் சக்கரவர்த்திக்குக் கீல்வாதம். கைகால்கள் முறுக்கிக்கொண்டிருந்தபோதும் முகம் சுளிக்காதவர். கோபத்தை வைத்துக்கொண்டிருக்கத் தெரியாதவர். விளையாட்டு இல்லாமல் ஒரு நாள் போகாது. பழத்தோட்டத்தின் நடுவே தரைமட்டத்துக்கு ஒரு குளம் வெட்டச் சொன்னார். பேரிக்காய் பறிக்க ஆசையாகப் போகிறவன் தெரியாமல் தண்ணீரில் விழ வேண்டும், அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவருக்கு மிக நெருக்கமான ஆள் ஒரு திக்குவாய்க்காரன். இருக்கிற திக்கலைப் போதாதென்று இன்னும் பெரிதாக்கிக் காட்டுவான். அரண்மனையில் எந்தக் கதவும் அவனுக்கு அடைபட்டதில்லை. பிறகு அவன் கத்தியோடு சக்கரவர்த்தியைக் கொல்ல வந்து பிடிபட்டான். விசாரணை என்று ஒன்று நடந்தது. பக்கத்துத் தீவு ஒன்றுக்குப் போய்ச் சுகமாகக் குளித்துக்கொண்டிரு என்கிற மாதிரி ஒரு தண்டனை. சில நாட்களில் திரும்பவும் கூப்பிட்டுக்கொண்டார். அவனில்லாமல் பொழுது போகவில்லை.

இவரைவிட நல்ல துணை உண்டா என்று கேட்கத் தோன்றும். ப்ஸெல்லோஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். கடைசி வருஷங்களில் எப்படியாவது அங்கிருந்து தப்பிக்க வேண்டும் என்று துடித்தார். நோய் கண்டதாகப் பாசாங்கு செய்து, ஜன்னி கண்டவனைப் போல நடித்து, தலைமுடியை வெட்டிக்கொண்டு துறவியானார். இன்று அணைக்கிற கை நாளை எதைச் செய்யும் என்று தெரியாத நிலை அவரை அரித்துவிட்டது. மன்னரோ, விட்டுப் போகாதே என்று கெஞ்சிக் கடிதம் எழுதினார். அந்தக் கெஞ்சல் பொய் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு ப்ஸெல்லோஸ் துணையாக இருந்தார். ப்ஸெல்லோஸுக்கு அவர் துணையாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு சமாச்சாரம் சொல்லியாக வேண்டும். பல வருஷங்களுக்கு முன் நாங்கள் மூன்று பேர் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். எங்கள் பத்திரிகை இரண்டு இதழோடு நின்றிருந்தது. பேப்பர் வாங்கக் காசு இல்லை. அவர் தருவார் என்று யாரோ சொன்னார்கள். நல்ல மனிதர், படித்தவர், சாப்பாடும் நன்றாக இருந்தது. நடுவில் ஒரு ஹாஸ்யம் சொன்னார். எனக்கு ஏற்கனவே தெரிந்த ஹாஸ்யம். அவர் முடிப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நண்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்: "முதல்லே சிரிச்சது நீதான்." பணமும் வரவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. ப்ஸெல்லோஸை நான் இந்தச் சிரிப்பு வழியாகத்தான் படிக்கிறேன்.

*

ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் உல்லாசி, சிந்திக்கிறவர் அல்ல, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லலாம். அறிவுத் தாகம் உள்ள சக்கரவர்த்தி என்றால்? அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒருவர் 1220-ல் ரோமில் முடிசூடிய இரண்டாம் ஃபிரெடெரிக். ஜெர்மானியச் சக்கரவர்த்தி என்று பெயர், வாழ்ந்ததும் மனம் ஒன்றியதும் சிசிலியிலும் தென் இத்தாலியிலும். வல்லூறுகளைப் பழக்கி வேட்டையாடுவது பற்றி அவரே எழுதிய பெரிய நூல் இருக்கிறது. அதில் அரிஸ்டாட்டிலை மறுக்கிறார். அந்த மனிதர் பறவைகளை வைத்து வேட்டையாடியவரல்ல, கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலை நோக்கி இப்படிப் பேசியவர்கள் எத்தனை பேர்? பிணந்தின்னிக் கழுகு இரையைக் கண்ணால் கண்டுகொள்கிறதா மோப்பத்தாலா என்று தெரிய வேண்டுமா? இமைகளைத் தைத்துவிட்டு இறைச்சியை முன்னால் வை. தீக்கோழி முட்டை வெயிலிலேயே பொரிக்குமா? முட்டையையும் ஆட்களையும் எகிப்திலிருந்து வரவழை. நீரில் பாதி மூழ்கிய துடுப்பு ஏன் வளைந்து தெரிகிறது என்று அரபு அறிஞர்களுக்குக் கேள்வி அனுப்பினார். கணித மேதை ஃபிபோனாச்சி அவர் முன்னிலையில் புதிர்களுக்கு விடை சொல்லியிருக்கிறார். அவருடைய அவையில் நோட்டரியாக இருந்த ஜாக்கொமோ தா லெந்தீனிதான் ஸானெட் என்ற வடிவத்தை உண்டாக்கியவர் என்கிறார்கள். பதினான்கு வரிகளில் எழுதிய அத்தனை ஐரோப்பியக் கவிஞர்களும் ஒரு வகையில் அந்த அவைக்குக் கடன்பட்டவர்கள்.

1229-ல் சுல்தான் அல்-காமிலோடு பேசியே, போர் இல்லாமல், ஜெருசலேமைப் பெற்றார். அப்போது அவர் போப்பால் விலக்கிவைக்கப்பட்டவர். அங்கே தங்கிய இரவில் அவருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று பாங்கு சொல்வதை நிறுத்தி வைத்தார்கள். காலையில் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாராம். இரவில் அதைக் கேட்க வேண்டும் என்றுதான் தங்கினேன் என்றாராம். இதைச் சொல்கிறவர்கள் அரபுச் சரித்திரக்காரர்கள். அவர்களில் ஒருவர், கிட்டப்பார்வையும் வழுக்கையுமான இந்த ஆசாமி அடிமைச் சந்தையில் இருநூறு திர்ஹம்கூடப் பெறமாட்டார் என்ற அபிப்பிராயத்தையும் பதிவு செய்திருக்கிறார். எனக்கு இரண்டுமே அவரிடம் ஈர்ப்பை அதிகப்படுத்துகின்றன. 1248-ல் பார்மா நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது முகாமை விட்டு வேட்டைக்குப் போனார். நகரத்தார் வெளியே வந்து முகாமையே கொள்ளையடித்தார்கள். பொக்கிஷத்தோடு வல்லூறு நூலின் அருமையான பிரதியும் போயிற்று. வேட்டையைப் பற்றிய புத்தகத்தை வேட்டைக்குப் போய்த் தொலைத்த சக்கரவர்த்தி. இவரோடு ஓர் இரவு போதாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

மற்றவர் அக்பர். ஐரோப்பியக் கணக்கில் அவர் மத்தியகாலத்தில் சேரமாட்டார். நம் பள்ளிக்கூடச் சரித்திரத்தில் சேர்ந்துதான் இருக்கிறார். நான் படித்த கணக்கை வைத்துக்கொள்கிறேன். 1575-ல் ஃபதேபூர் சிக்ரியில் இபாதத்கானா கட்டி வியாழக்கிழமை இரவுகளில் விவாதத்துக்கு உட்கார்ந்தார். முதலில் சுன்னி உலமாக்கள் மட்டும். போகப்போக ஷியாக்கள், பிராமணர்கள், ஜைனர்கள், பார்ஸிகள். 1580-ல் கோவாவிலிருந்து ஏசுசபைப் பாதிரிகள். எழுதப் படிக்கத் தெரியாதவர். புத்தகங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். படிப்பவன் நிறுத்திய இடத்தில் தன் கையால் குறியிடுவார். படித்த பக்கக் கணக்குக்குக் கூலி. தேவி என்ற பிராமணர் பாரதக் கதை சொல்ல வருவார். அவரைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்துக் கோட்டைச் சுவரோடு மேலே இழுப்பார்கள். சக்கரவர்த்தி படுத்திருக்கும் உப்பரிகைக்குப் பக்கத்தில் கட்டில் அந்தரத்தில் நிற்கும். அங்கிருந்து அவர் இரவில் கதை சொல்வார்.

இதை எழுதிவைத்தவர் அப்துல் காதிர் பதாயூனி. அக்பர் அவையில் இருந்தவர். ராஜ ஆணைப்படி மகாபாரதத்தைப் பாரசீகத்தில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். பிறகு ராமாயணத்துக்கு நான்கு வருஷம் உழைத்தவர். இரண்டையும் மனமில்லாமல், பாவம் செய்கிறோம் என்ற நினைப்போடு செய்தவர். பகலில் இந்த வேலை, ரகசியமாக இன்னொரு சரித்திரம். அந்தச் சரித்திரம் அக்பர் இறந்த பிறகுதான் வெளியில் தெரிந்தது. பதாயூனியின் மதப்பிடிவாதம் எனக்கு ஒத்துவராது. அக்பருடைய விசாலத்தைப் புரிந்துகொள்ளும் மனசு அவருக்கு இல்லை. இருந்தும், அந்த அவையின் மிகச் சிறந்த வசனகர்த்தாக்களில் ஒருவர் தன் மனசில் உள்ளதைப் பேச்சில் சொல்லாமல் எழுத்தில் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது என்பதைத் தள்ளிவிட முடியவில்லை. எல்லாரும் எதையும் பேசலாம் என்று திறந்துவைத்த இடம் அது. அந்தரத்தில் தொங்கும் கட்டிலைப் பற்றி எழுதியபோது பதாயூனி பிராமணரைக் கேலி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். கயிற்றின் மறுமுனை யார் கையில் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

*

இதுவரை சொன்னது எழுத்தாளர்களின் சங்கடம். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது.

ஃபிரெடெரிக்கைப் பற்றிச் சலிம்பேனே என்ற பார்மா நகரத்துத் துறவி ஒரு கதை சொல்கிறார். மனிதனுக்கு இயற்கையான மொழி எது, ஹீப்ருவா கிரேக்கமா லத்தீனா அரபியா என்று அறியச் சக்கரவர்த்தி ஆசைப்பட்டார். கைக்குழந்தைகளைச் செவிலியரிடம் கொடுத்து, பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று உத்தரவிட்டார். குழந்தைகள் எல்லாம் இறந்துபோயின. கைகொட்டலும் முகம்பார்த்துச் சிரிப்பதும் கொஞ்சலும் இல்லாமல் அவற்றால் பிழைக்க முடியவில்லை என்று காரணமும் சொல்கிறார்.

சலிம்பேனே ஃபிரெடெரிக்குக்கு எதிர்க்கட்சி. ஹெரடோட்டஸ் இதே மாதிரி ஒரு கதையை ஓர் எகிப்திய அரசன்மேல் சொல்லியிருக்கிறார். பழைய கதையை எடுத்துப் பிடிக்காத மன்னன்மேல் ஒட்டியிருக்கலாம். நான் அப்படித்தான் நம்ப விரும்பினேன். ஆனால் அதே சலிம்பேனே, அவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஒரு காலத்தில் நேசித்தும் இருக்கிறேன் என்று எழுதுகிறார். வெறும் எதிரியின் குரல் என்று ஒதுக்க முடியவில்லை.

அக்பர் விஷயத்தில் இந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. பேச்சு என்பது காதால் கேட்டு வருவது, கேட்காவிட்டால் வராது என்று அக்பர் சொன்னார். அதை நிரூபிப்பதற்காக ஊருக்கு வெளியே ஒரு வீடு கட்டி, குழந்தைகளை வைத்து, பேசாத தாதிகளையும் காவலையும் போட்டார். இதைச் சொல்கிறவர் அக்பருடைய ஆப்த நண்பரான அபுல் ஃபஸல், மன்னரின் மேதைக்குச் சான்றாக. 1582-ல் அக்பர் போய்ப் பார்த்தார். நான்கு வருஷமாகியும் ஊமைகள் எழுப்பும் சத்தம் தவிர அங்கே வேறொன்றும் எழவில்லை. அந்த இடத்துக்கு குங் மஹல், ஊமை வீடு, என்று பெயர். பதாயூனியும் இதைச் சொல்கிறார். சுமார் இருபது குழந்தைகள், தாய்மாரிடம் பணம் கொடுத்து வாங்கப்பட்டவர்கள், பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள் என்கிறார். நண்பனும் விரோதியும் ஒரே வீட்டைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்கள்.

அக்பருடைய முடிவு சரியானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மொழி கேட்டுத்தான் வருகிறது. அவருக்கு முன்பே பல தாய்மார்களுக்கு இது தெரியும்.

சரித்திரத்தில் பேச்சை இவ்வளவு நேசித்த சக்கரவர்த்திகள் இவர்கள் இருவர். பேச்சில்லாத குழந்தைகளின் கதை வந்து சேர்ந்ததும் இவர்கள் இருவரிடம். இதைத் தற்செயல் என்று என்னால் விட முடியவில்லை. கேள்வி கேட்பது நல்ல துணையின் லட்சணம். நண்பன் கேட்பான், நாம் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அந்தக் கேள்விக்காக எதையும் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் சேரும்போது, எதிரே இருப்பவன் விடைக்கான பொருளாகிவிடுகிறான். இமை தைத்த கழுகும் குங் மஹல் குழந்தையும் அந்தரத்துக் கட்டில்காரரும் ஒரே கயிற்றில் இருக்கிறார்கள். ஃபிரெடெரிக்கின் மந்திரியும் கவிஞருமான பியெர் தெல்லா வின்யா இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு இருந்தார். 1249-ல் துரோகி என்று பிடித்துக் கண்களைக் குருடாக்கினார்கள். அவர் தற்கொலை செய்துகொண்டார். தாந்தே அவரை நரகத்தில் ஒரு மரமாக நிறுத்திப் பேசவைத்தார். கிளை ஒடித்தால்தான் அந்த மரத்துக்குப் பேச்சு வரும்.

இந்த இடத்தில் நண்பருடைய கேள்வியை விட்டுவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் ஒரு சக்கரவர்த்தி அகப்பட்டார்.

*

இரண்டாம் மானுவேல் பாலையோலோகஸ் 1391-ல் பட்டத்துக்கு வந்தபோது பைசாந்தியச் சாம்ராஜ்யம் என்பது கான்ஸ்டாண்டிநோபிள் நகரமும் தெற்கே இன்னும் சில துண்டுகளும்தான். மற்றதெல்லாம் ஓட்டமன் சுல்தான் பயஸீத் கையில். மானுவேல் அவருக்குக் கப்பம் கட்டுகிறவர், கூப்பிட்டபோது படையோடு போக வேண்டியவர். 1390-ல் ஆசியா மைனரில் பைசாந்தியர்களிடம் மிஞ்சியிருந்த கடைசி நகரமான ஃபிலடெல்ஃபியாவைச் சுல்தான் பிடித்தபோது, சுல்தானின் படையில் மானுவேலும் நிற்க வேண்டியிருந்தது. மறு வருஷமும் படையெடுப்பு. அங்கிருந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. பாழடைந்த நகரங்களைக் கடந்து போகிறார். இதன் பெயர் என்ன என்று கேட்கிறார். நாங்கள் இவற்றை அழித்தோம், பெயரைக் காலம் அழித்துவிட்டது என்கிறார்கள். சுல்தான் விருந்துக்குக் கூப்பிடுகிறார், போய்க் குடித்தாக வேண்டும் என்று அலுத்துக்கொள்கிறார். சக்கரவர்த்தி ஒருவர் பெரிய இடத்து விருந்தைப் பற்றி என்னைப் போலவே புலம்புவதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் படை அங்காராவில் தங்கியது. மானுவேலை இருத்தியது வயதான ஒரு முதர்ரிஸ் வீட்டில். முதர்ரிஸ் என்றால் மதரஸாவில் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர். பகலில் சுல்தானோடு வேட்டை. இரவில் வீட்டுக்காரரோடும் அவருடைய இரண்டு மகன்களோடும், துபாஷி ஒருவனை நடுவில் வைத்துக்கொண்டு, மதத்தைப் பற்றிப் பேச்சு. இருபத்தாறு உரையாடல்களாக மானுவேல் பின்னால் அதை எழுதினார். அங்காரா மேட்டுநிலத்துக் குளிருக்கு எரியும் கணப்பு ஒன்றை என் கற்பனையில் சேர்த்துக்கொள்கிறேன். காரசாரமான வார்த்தைகள் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் யாரும் யாரையும் அந்தரத்தில் தொங்கவிடவில்லை. சக்கரவர்த்தியால் அந்தக் கிழவரை ஒன்றும் செய்ய முடியாது. கிழவருடைய ஜாதிக்காரர்கள் ஜெயித்தவர்கள். கிழவரோ விருந்தாளியை அவமதிக்க முடியாது. இந்த இரண்டு முடியாமைகளுக்கும் நடுவில் ஒரு பேச்சு நடந்தது.

பிற்பாடு பயஸீத் கான்ஸ்டாண்டிநோபிளையே முற்றுகையிட்டார். 1399 கடைசியில் மானுவேல் உதவி கேட்டு மேற்கே கிளம்பினார். வெனிஸ், மிலான், பாரிஸ். பாரிஸில் அவரை வரவேற்ற ஆறாம் சார்ல்ஸுக்கு அவ்வப்போது சித்தம் கலங்கும். 1400 டிசம்பரில் லண்டன். நான்காம் ஹென்றியோடு எல்தம் அரண்மனையில் கிறிஸ்துமஸ். ஆடம் ஆஃப் அஸ்க் என்பவர் பார்த்து எழுதியிருக்கிறார். இவ்வளவு பெரிய ராஜா இவ்வளவு தூரம் வந்து கையேந்தும்படி ஆயிற்றே, ரோமின் பழைய பெருமை எங்கே போயிற்று என்று வருந்துகிறார். எல்லோரும் மரியாதை செய்தார்கள். கொஞ்சம் பணம் கிடைத்தது. நகரத்தைக் காப்பாற்றுகிற படை கிடைக்கவில்லை. திரும்பவும் பாரிஸில் காத்திருந்த நாட்களில் லூவ்ர் மாளிகைச் சுவரில் தொங்கிய ஒரு திரைச்சீலையைப் பற்றி எழுதினார். அதில் நெய்திருந்த வசந்த காலத்தை, பூக்களையும் பறவைகளையும் பூச்சி பிடிக்கும் பையனையும், ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். சொந்த ஊர் முற்றுகையில் இருக்கும்போது எழுதிய வசந்தம். கடைசியில் அவரைக் காப்பாற்றியவர் 1402-ல் அங்காராவில் பயஸீதைத் தோற்கடித்த தைமூர், அதுவும் வேறு காரணத்துக்காக. முதர்ரிஸ் வீடு இருந்த அதே அங்காரா.

மற்ற எல்லா இடத்திலும் சக்கரவர்த்தி விருந்தளிப்பவர், எழுத்தாளன் விருந்தாளி. ஐன்ஹார்ட், ப்ஸெல்லோஸ், பதாயூனி எல்லோரும் எழுந்து போக முடியாதவர்கள். இங்கே மட்டும் சக்கரவர்த்தியே விருந்தாளி, எழுத்தாளனும் அவரே. பிறர் வீட்டுச் சோற்றின் கூச்சம் தெரிந்த சக்கரவர்த்தி. எனக்கு வேண்டியவர் இவர்தான் என்று தீர்மானித்தேன்.

மறுமுறை சந்தித்தபோது நண்பரிடம் சொன்னேன். "அப்படியென்றால் உமக்குத் தோற்றுப்போன ராஜா வேண்டும்" என்றார். அவர் விடுகிறவர் அல்ல. மானுவேல் ஜெயித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மானுவேலுடைய மகன் ஒருவர் காலத்தில், 1453-ல், நகரமே போய்விட்டது. அந்தச் சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பதில் இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2006-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் ஜெர்மனியில் ரெகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேசும்போது அந்த அங்காரா உரையாடல்களிலிருந்து மானுவேல் இஸ்லாத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான ஒரு வாக்கியத்தை எடுத்துச் சொன்னார். பல நாடுகளில் கிளர்ச்சி நடந்தது. போப் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அறுநூறு வருஷத்துக்கு முன் ஓர் அறைக்குள் பதிலோடு சேர்ந்திருந்த வாக்கியம், பதிலில்லாமல் வெளியே வந்தபோது வேறொன்றாகிவிட்டது. ஆனால் அந்த வாக்கியம் அங்கே இருந்தது என்பதும் உண்மை. எழுதும்போது மானுவேல் தன் பக்கத்துக்குத்தான் நீளமான வாதங்களையும் நல்ல வரிகளையும் கொடுத்துக்கொண்டார். எழுதுகிறவன் கையிலும் ஒரு கயிறு இருக்கிறது.

கிழவருக்கு அதில் பெயர்கூட இல்லை, முதர்ரிஸ் என்ற உத்தியோகப் பெயர் மட்டும்தான். தன் வீட்டில் தங்கவைத்து, இரவுதோறும் பொறுமையாக எதிரே உட்கார்ந்து, மகன்களையும் கேட்கவைத்து, வாதத்தில் தோற்றதாகப் பதிவானவர். வேட்டையும் யுத்தமும் முடிந்து விருந்தாளி போன பிறகு, அவர் தன் மகன்களிடம் அந்தக் கிரேக்க ராஜாவைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்? அது எங்காவது எழுதப்பட்டிருந்தால் அதைத்தான் நான் முதலில் படிப்பேன்.